பத்துப் பொருத்தமும் ஒரு கறுப்பு வயரும்

"மாமா, சனிக்கிழமை ஃப்ரீயா இருக்கீங்களா? கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போறேன். பார்ட்ஸ் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் வரணும்" என்று அடையாறிலிருந்து அக்கா பையன் போன் பண்ணினான். நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அக்காவின் குரல்: "அவனையாடா கூப்பிடறே? அவன் ஒண்ணை எரிச்சவன்!"

எரித்தது வாஸ்தவம்தான்.

1997. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பென்டியம் 166 எம்.எம்.எக்ஸ்., 16 எம்.பி. ராம். அப்பா பி.எஃப். லோன் போட்டு வாங்கியது. "பையன் ஸி ப்ளஸ் ப்ளஸ் கத்துப்பான், வேலையில் மேல வருவான்" என்று ஆபீசில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். பையன் 'டூம்' கற்றுக்கொண்டான். அப்புறம் 'க்வேக்'குக்கு 16 எம்.பி. போதவில்லை என்று இன்னொரு 16 எம்.பி. வாங்கிக்கொண்டு வந்து, ராத்திரி பதினொரு மணிக்குக் கேபினெட்டைத் திறந்தான்.

அந்தக் காலத்து 'ஏ.டி.' மாடல்களில் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து மதர்போர்டுக்குக் கரண்ட் இரண்டு தனித்தனி கனெக்டர்களில் வரும். பி-8, பி-9 என்று பெயர். பார்க்க ரெட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் செருக வேண்டும். இடம் வலம் மாறினாலும் ஆட்சேபணையே இல்லாமல் உள்ளே போய்விடும்! விதி ஒன்றே ஒன்றுதான்: இரண்டிலும் உள்ள கறுப்பு வயர்கள் நடுவில் சேர்ந்து வர வேண்டும். கறுப்பும் கறுப்பும் ஓரத்துக்குப் போனால் போர்டு போச்சு.

கை இடித்ததென்று இரண்டையும் கழற்றினேன். திரும்பச் செருகினேன். ஸ்விட்சைப் போட்டேன். பட்டென்று ஒரு சத்தம். தீபாவளிப் பட்டாசுக்கும் கருகிய ரப்பருக்கும் நடுவில் ஒரு வாசனை. ஹாலிலிருந்து அப்பா கேட்டார்: "என்னடா வாசனை?"

"கொசுவத்திப்பா!"

புது மதர்போர்டுக்குக் காசு சேர எனக்கு மூன்று மாசம் ஆயிற்று. அதுவரை அந்தக் கம்ப்யூட்டர், அம்மா தைத்த பூப்போட்ட உறைக்குள் பூஜை அறைப் படம் மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தது. லோன் மட்டும் மாசாமாசம் அப்பா சம்பளத்தில் பிடித்தபடி இருந்தது. அந்த மூன்று மாசமும் அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆகவே அக்கா பையன் கூப்பிட்டதும் சரியென்றேன். அவன் முதல் வேலையில் ஒரு வருஷம் சேர்த்த பணம். ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே.

அவன் கஸ்தூர்பா நகரில் பறக்கும் ரயில் ஏறினான், நான் திருமயிலையில் ஏறிக்கொண்டேன். சிந்தாதிரிப்பேட்டை வருவதற்குள் அவன் லிஸ்டைப் பார்த்துவிட வேண்டும். செல்போனை நீட்டினான். ரைஸன் 5 7600 ப்ராஸஸர், பி650 மதர்போர்டு, ஆர்.டி.எக்ஸ். 5060 கிராபிக்ஸ் கார்டு. நல்ல சாமான்கள்தான். ராமுக்கு நேராக மட்டும் 'ஃப்ரீ' என்று போட்டிருந்தான்.

"அது என்னடா ஃப்ரீ?"

"ஃப்ரெண்டு பழைய கம்ப்யூட்டரைப் பிரிச்சான் மாமா. 16 ஜி.பி. ராம் சும்மா குடுத்துட்டான். டி.டி.ஆர். 4."

"உன் போர்டு டி.டி.ஆர். 5 டா."

"ரெண்டுக்கும் 288 பின்தானே மாமா?"

பையன் பாதி படித்திருக்கிறான்! இரண்டுக்கும் 288 பின் என்பது சரி. ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில். குதித்தாலும் உள்ளே போகாது. 2022-ல் வந்த ஏ.எம்.டி.யின் 'ஏ.எம். 5' சாக்கெட்டுக்கு டி.டி.ஆர். 5 மட்டும்தான் ஆகும். அதற்கு முந்தைய 'ஏ.எம். 4'-க்கு டி.டி.ஆர். 4. இன்டெல்லின் 'எல்.ஜி.ஏ. 1700' சாக்கெட்டில் இரண்டு ஜாதிப் போர்டும் உண்டு; அட்டைப் பெட்டியில் எது போட்டிருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரியை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. ஓசி ராம் மேல் பையனுக்கு ஆசை வந்ததில் தப்பில்லை.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோமே, அதே கதைதான் சார் இதுவும். பையன் தங்கம், பெண் வைரம் என்றால் போதாது; இரண்டும் சேர்ந்து குடித்தனம் பண்ண வேண்டும். என் அனுபவத்தில் கம்ப்யூட்டரில் பொருந்தாத ஜோடி இரண்டு வகை. முதல் வகை, செருகவே முடியாது. அது நல்ல ஜாதி! கடைக்குத் திரும்ப நடக்கிற அலைச்சலோடு போகும். இரண்டாவது, சமர்த்தாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு அப்புறம் காலை வாரும். பயப்பட வேண்டியது அதற்குத்தான். என் கறுப்பு வயர் அந்த வகை.

உதாரணத்துக்கு எம்.2 எஸ்.எஸ்.டி. சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும். அதில் என்.வி.எம்.இ., சாட்டா என்று இரண்டு குலம். பல போர்டுகளில் சாட்டா குலத்தைச் செருகலாம், திருகலாம், ஆனால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது! அதே போல, 2024-ல் வந்த ரைஸன் 9000 வரிசை, கடையில் தூசி படிந்த பழைய பி650 போர்டில் அழகாக உட்காரும். பயாஸ் புதுசாக இல்லையென்றால் திரை விடியாது. "பயாஸ் அப்டேட் பண்ணிக் குடுங்க" என்று கடையிலேயே கேட்டுவிடுவது உத்தமம். இன்டெல்லில் பெயருக்குப் பின்னால் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் படம் வராது.

சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்தோம். ரிச்சி ஸ்ட்ரீட் என்று ஒரு தெருவைச் சொல்கிறோமே தவிர, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ராஜ்ஜியம். ரேடியோ ஸ்பேர் விற்ற காலத்திலிருந்து வளர்ந்தது. இன்றைக்கும் ஒரு கடை வாசலில் சால்டரிங் புகை, பக்கத்துக் கடையில் கலர் கலராக விளக்கு எரியும் கேமிங் கேபினெட், இரண்டுக்கும் நடுவில் சமோசா.

பையன் நேரே கண்ணாடிக் கேபினெட் பக்கம் போய்விட்டான். மூன்று பக்கமும் கண்ணாடி, உள்ளே வானவில். "டேய், மீன் வளர்க்கவா போறே?" என்றேன். அழகு இருக்கட்டும். கார்டு எத்தனை மில்லிமீட்டர் நீளம், ப்ராஸஸர் மேல் வைக்கிற கூலர் எத்தனை உயரம், கேபினெட் எவ்வளவு வரை தாங்கும் என்று மூன்று எண்கள் இருக்கின்றன. அவன் தேர்ந்தெடுத்த கூலர் 155 மில்லிமீட்டர். வானவில் கேபினெட் 150-க்கு மேல் விடாது. கதவு மூடாது! முன்பக்கம் வலை போட்ட வேறொன்றை எடுத்தோம். சென்னை மே மாசத்தில் ஏ.சி. இல்லாத ரூமில் கம்ப்யூட்டருக்கும் காற்று வேண்டுமே.

அடுத்து எஸ்.எம்.பி.எஸ். பத்துப் பொருத்தத்தில் ரஜ்ஜு மாதிரி. மற்றது முன்னே பின்னே இருந்தாலும் இது தட்டக் கூடாது. கணக்குப் போட்டோம். ப்ராஸஸர் முழு வேகத்தில் 90 வாட் பக்கம், கார்டு 145, மற்றதெல்லாம் சேர்த்து 60, 70. முந்நூறைத் தொடுகிறது. கார்டுக்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். சிபாரிசு. பையன், "ஃப்ரெண்டு 450 வாட்டே போதும்னான்" என்றான். அந்த ஃப்ரெண்டை ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும். பெயருள்ள கம்பெனியின் 650 வாட் வாங்கினோம். வீட்டில் இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸும் இதற்கு ஆகாது. பெரும்பாலும் அது 360 வாட்தான் தரும். மானிட்டரையும் சேர்த்தால் நுனிக் கிளைதான். 1 கே.வி.ஏ. யு.பி.எஸ்.ஸை அடுத்த மாசச் சம்பளத்துக்குத் தள்ளிவைத்தான். சரியென்றேன். கரண்ட் போனால் விளையாட்டுத்தான் போகும்.

சாயங்காலம் அடையாறில் ஹாலில் பாய் விரித்துக் கடை பரப்பினோம். அக்கா சமையலறை வாசலிலேயே நின்றாள், தீயணைப்பு நிலையம் மாதிரி. ஏ.எம். 5-ல் பின்கள் ப்ராஸஸரில் இல்லை. 1718-ம் போர்டு சாக்கெட்டில்தான். ஒன்று வளைந்தால் வாரண்டி பேசாது. மூலையிலிருக்கும் முக்கோணத்தை முக்கோணத்தோடு சேர்த்து, அழுத்தாமல் வைத்தான். ராமை இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போட்டான். பையன் கை நடுங்கவில்லை. என் கைதான்.

கடைசியில் பழைய ஹார்ட் டிஸ்க். பாட்டி, அதாவது என் அம்மா இருந்த காலத்துப் போட்டோக்கள் முழுக்க அதில்தான். புது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் சாட்டா வயர் அந்த மூலைக்கு எட்டவில்லை. பையன் பையிலிருந்து இன்னொரு வயரை எடுத்தான். "ஃப்ரெண்டோட எஸ்.எம்.பி.எஸ். வயர் மாமா. நீளமா இருக்கு. பாருங்க, கரெக்டா உள்ள போகுது."

போயிற்று. க்ளிக்கென்று சத்தம்கூட வந்தது.

"எடுடா கையை!" என்று நான் கத்திய கத்தலில் அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள்.

கழற்றி மாட்டும் வயர் உள்ள எஸ்.எம்.பி.எஸ்.களில் டிஸ்க் பக்கம் எல்லா கம்பெனிக்கும் ஒரே மாதிரி. எஸ்.எம்.பி.எஸ். பக்கம் மட்டும் பொது விதி கிடையாது. ஒரு கம்பெனி 12 வோல்ட் வைத்த ஓட்டையில் இன்னொரு கம்பெனி 5 வோல்ட் வைத்திருக்கும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்கே மாறலாம். செருகினால் போகும். ஸ்விட்சைப் போட்டால் டிஸ்க் போகும். பிளாஸ்டிக் அழகாக உட்கார்ந்ததால் வயரும் சரியென்று அர்த்தமில்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு வந்த வயர் தவிர வேறு எதையும் அதில் மாட்டக் கூடாது.

பையன் வாயடைத்துப் போய் வயரைப் பிடுங்கினான். டிஸ்க்கை வேறு தட்டுக்கு மாற்றித் திருகினோம். சொந்த வயரே எட்டியது.

ஸ்விட்ச். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. ஒரு நிமிஷம். கறுப்பு. எனக்கு மூக்குத்தான் வேலை செய்தது. எங்கேயாவது வாசனை வருகிறதா? இரண்டு நிமிஷம். பையன் முகம் வெளுத்துவிட்டது. "ஆஃப் பண்ணிடலாமா மாமா?" டி.டி.ஆர். 5 மெமரி முதல் தடவை போர்டோடு பழகச் சில நிமிஷம் எடுத்துக்கொள்ளும், நடுவில் அணைக்கக் கூடாது என்று படித்தது ஞாபகம் வந்தது. படித்ததை நம்பி நிற்பது எவ்வளவு கஷ்டம்! மூன்றாவது நிமிஷம் தாண்டி, பயாஸ் திரை பளிச்சென்று வந்தது. பையன் குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

மயிலாப்பூரில் இருக்கும் அப்பாவுக்கு அக்கா போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். எண்பது தாண்டியாயிற்று, காது கொஞ்சம் மந்தம். "தாத்தா, கம்ப்யூட்டர் ஓடுது! மாமாவும் நானும் சேர்ந்து பண்ணினோம்!" என்று பையன் கத்தினான்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அப்பா கேட்டார்:

"கறுப்பும் கறுப்பும் நடுவுல வர்றா மாதிரி போட்டானான்னு கேளு."