பல்வலியும் அவசர சிகிச்சைப் பிரிவும்

பல்வலி துன்பம் தருவதே அன்றி உயிருக்கு ஆபத்து விளைவிப்பதன்று என்னும் எண்ணம் மக்களிடையே பரவலாக உள்ளது. ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 20 லட்சம் முறை பல் நோயின் பொருட்டு மக்கள் ஆஸ்பத்திரிகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளை நாடுகின்றனர். செல்வமும் பல் வைத்தியர்களும் மிகுந்த ஒரு நாட்டில் இந்நிலை ஏன் தோன்றியது என்பதை ஆராய்தல் நமக்கும் பயன் தரும்.

நோய் பரவும் விதம்

நாம் உண்ணும் சர்க்கரையை வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் எனாமலைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. இந்நிலையில் வலி இராது. குழியை அடைத்துவிட்டால் பல் பிழைக்கும். கவனியாது விட்டாலோ, சிதைவு உட்புறமுள்ள பற்கூழை எட்டுகிறது. நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட இக்கூழ் கடினமான சுவர்களுக்குள் அடைபட்டிருப்பதால், வீக்கம் கண்டதும் விரிவதற்கு இடமின்றிக் கடும் வலி உண்டாகிறது. பின்னர்க் கூழ் அழிந்து, வேரின் நுனியில் சீழ்க்கட்டி தோன்றுகிறது. கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்கின் அடியிலும் கழுத்திலும் பரவி மூச்சுப் பாதையை அடைத்துவிடக்கூடும். 1836ஆம் ஆண்டில் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் விவரித்த இந்நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அவசரப் பிரிவால் ஆவது என்ன?

அவசரப் பிரிவுகள் பெரும்பாலானவற்றில் பல் வைத்தியர் இருப்பதில்லை. அங்குள்ள டாக்டர் வலியைத் தணிக்கும் மருந்தும், தேவையாயின் ஆன்டிபயாடிக் மருந்தும் கொடுத்து, பல் வைத்தியரிடம் செல்லுமாறு கூறி அனுப்புகிறார். ஆனால் அழிந்த பற்கூழில் இரத்த ஓட்டம் இல்லாமையால், மருந்து நோயின் இருப்பிடத்தை அடைவதில்லை. பல்லைப் பிடுங்குதல் அல்லது வேரைச் சுத்தம் செய்து அடைத்தல் ஆகிய இரண்டே நோயின் மூலத்தை நீக்கும் வழிகள். எனவே, பல் வைத்தியரிடம் செல்ல வசதியற்றவர் மீண்டும் அதே பிரிவிற்கே திரும்ப நேரிடுகிறது.

வசதியின்மைக்குக் காரணம்

அந்நாட்டில் முதியோருக்கென 1965இல் ஏற்பட்ட மெடிகேர் திட்டம் வழக்கமான பல் சிகிச்சையை விலக்கியே அமைந்தது. வறியோருக்கான மெடிகெய்ட் திட்டத்தில் குழந்தைகளுக்குப் பல் சிகிச்சை கட்டாயம். வயது வந்தோருக்கு அளிப்பதோ அந்தந்த மாநிலத்தின் விருப்பம். மறுபுறம், பணம் கொடுக்க இயலாதவரையும் அவசரப் பிரிவு பரிசோதித்தே ஆகவேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. ஒரு கதவு அடைபட்டு மற்றொன்று திறந்திருக்கையில் மக்கள் திறந்த கதவையே நாடுவர். கலிபோர்னியா மாநிலம் 2009இல் வயது வந்தோருக்கான பல் சிகிச்சை உதவியில் பெரும்பகுதியை நிறுத்தியது. அதன்பின் பல் நோய்க்காக அவசரப் பிரிவிற்கு வருவோர் தொகை உயர்ந்தது. சிக்கனம் என்று கருதியது வேறொரு கணக்கில் செலவாகத் திரும்பி வந்தது.

ஒரு சிறுவனின் மரணம்

2007ஆம் ஆண்டு பிப்ரவரியில் மேரிலாந்து மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் உயிர் நீத்தான். பல்லில் தோன்றிய சீழின் பாக்டீரியா மூளைக்குப் பரவியதே காரணம். அப்பல்லைப் பிடுங்குவதற்கு ஏறத்தாழ 80 டாலர் போதுமாயிருந்தது. இரு மூளை அறுவைச் சிகிச்சைகளும் பல வார ஆஸ்பத்திரி வாசமும் சேர்ந்து செலவு இரண்டரை லட்சம் டாலர் என மதிப்பிடப்பட்டது. ஏழைக் குடும்பம், மெடிகெய்ட் நோயாளிகளை ஏற்கும் பல் வைத்தியர் கிடைப்பதும் அரிது. இந்நிகழ்ச்சி நாட்டையே உலுக்கியது. 2009இல், குழந்தைகளின் உடல்நலக் காப்பீட்டுத் திட்டத்தைப் புதுப்பித்த சட்டம் பல் சிகிச்சையைக் கட்டாயமாக்கியது.

தடுப்பு முறைகள்

நியூசிலாந்து நாடு 1921இலேயே வேறொரு வழியை மேற்கொண்டது. பயிற்சி பெற்ற பல் செவிலியர்கள் பள்ளிகளில் தங்கி, குழந்தைகளின் பற்குழிகளை அடைத்தனர். சிகிச்சை குழந்தையைத் தேடிச் சென்றது. அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் 1945இல் குடிநீரில் சிறிதளவு புளூரைடு சேர்க்கப்பட்டு, குழந்தைகளின் பற்சிதைவு பெரிதும் குறைந்தது. எனினும் இம்முறை நம் நாடெங்கும் பொருந்தாது. பல மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே புளூரைடு மிகுந்து, பற்களையும் எலும்புகளையும் கெடுக்கிறது. பழைய சென்னை மாகாணத்தில் இக்கேடு 1937இலேயே விவரிக்கப்பட்டது. அத்தகைய இடங்களில் புளூரைடைக் குறைப்பதே கடமை.

நமது கடமை

உலகில் வாய் நோயுற்றோர் ஏறத்தாழ 350 கோடிப் பேர் என்றும், அவர்களில் நால்வரில் மூவர் நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கின்றனர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது. நமது நாட்டில் தேசிய வாய்ச் சுகாதாரத் திட்டம் 2014-15 முதல் நடைபெறுகிறது. ஆயினும் வலியற்ற தொடக்க நிலையில் குழந்தையின் வாயை முதலில் பார்க்கக்கூடியவர்கள் ஆசிரியர்களும் கள ஊழியர்களுமே ஆவர்.

பல்லில் கறுத்த குழி காணப்பட்டால் பெற்றோருக்கு உடனே அறிவிக்க வேண்டும். காலையும் இரவும் பல் துலக்கப் பழக்குதலும், இனிப்பை அடிக்கடி தின்பதைக் குறைத்தலும் செலவற்ற தடுப்பு முறைகள். முகம் வீங்குதல், காய்ச்சல், வாய் திறக்க இயலாமை, விழுங்குவதில் அல்லது மூச்சு விடுவதில் தொல்லை ஆகிய குறிகள் தோன்றினால், கைமருத்துவத்தில் காலம் போக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். வீக்கம் தணிந்தபின் பல் வைத்தியரிடம் செல்லாதிருத்தலே பெரும் பிழை என்பதையும் எடுத்துரைக்க வேண்டும். வலி நின்றது நோய் நீங்கியதற்கு அடையாளமன்று. பற்கூழ் இறந்துபட்டதாலும் வலி நிற்கும்.