கூகுள் விளம்பரத்துக்குப் பணம் கட்டும் முன் ஒரு கணக்கு: நீலகிரி சிறு விவசாயிகளுக்கு

பசுந்தேயிலைக்குக் கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டு, 2023 செப்டம்பரில் நீலகிரி விவசாயிகள் கிராமம் கிராமமாகப் போராட்டம் நடத்தியது நினைவிருக்கலாம். இலையைத் தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த மாத விலை அறிவிப்புக்காகக் காத்திருப்பது மட்டுமே போதாது என்று நினைக்கிறவர்கள் நேரடி விற்பனைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். கையால் உருட்டிய தேயிலை, நீலகிரித் தைலம், தேன், வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட், தோட்டத்து நடுவில் இரண்டு அறை ஹோம்ஸ்டே என்று ஆளுக்கொரு வழி.

அப்படித் தொடங்கிய சில வாரங்களிலேயே போன் வந்துவிடும். "சார், உங்கள் கடையை கூகுளில் முதல் இடத்தில் காட்டுகிறோம். மாதம் இவ்வளவு கட்டினால் போதும்" என்பார்கள். கட்டலாமா?

பாக்கெட் தேயிலை விற்பவர் என்றால் இப்போதைக்கு வேண்டாம். ஹோம்ஸ்டே நடத்துபவர் என்றால் சில மாதங்களுக்கு மட்டும் கட்டலாம். ஏன் இந்த வித்தியாசம் என்பதைக் கீழே கணக்கோடு பார்க்கலாம். அதற்கு முன், பணமே கட்டாமல் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. போனில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதைச் சொல்லமாட்டார்கள்.

முதலில் இலவசப் பதிவு

கூகுள் மேப்பில் உங்கள் கடை தெரிவதற்கு 'கூகுள் பிசினஸ் புரொஃபைல்' என்ற பதிவு வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது, ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணமும் கிடையாது. "உங்கள் கூகுள் லிஸ்டிங் காலாவதியாகப் போகிறது, உடனே பணம் கட்டுங்கள்" என்று யாராவது அழைத்தால் அது ஏமாற்று வேலை. ஓ.டி.பி. கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பதிவு செய்த பிறகு கூகுள் சரிபார்ப்பு கேட்கும். பெரும்பாலும் கடையின் பெயர்ப்பலகை, வெளித் தெரு, உள்ளே நீங்கள் வேலை செய்யும் இடம் ஆகியவற்றை ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பச் சொல்வார்கள். பெயர்ப்பலகை இல்லாமல் வீட்டுத் திண்ணையில் விற்பவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். ஒரு சின்னப் பலகையாவது மாட்டிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். வாடிக்கையாளரை நேரில் சந்திக்காமல் ஆன்லைனில் மட்டும் விற்பவர்களுக்கு இந்தப் பதிவு கிடையாது என்பது கூகுளின் விதி. அதனால் இன்னின்ன நேரத்தில் வந்தால் வாங்கலாம் என்ற ஏற்பாடு உங்களிடம் உண்மையாகவே இருக்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் கவனம் தேவை. பலகையில் உள்ள பெயரைத்தான் பதிவில் போட வேண்டும். அதோடு 'பெஸ்ட் ஊட்டி டீ ஹோல்சேல் ரீடெய்ல்' என்று ஒட்டுச் சொற்களைச் சேர்த்தால், யாராவது புகார் செய்யும் நாளில் பதிவே முடங்கிப்போகும். குன்னூர்க் கடைக்காரர் 'ஊட்டி' என்று பெயரில் சேர்க்கத் தேவையில்லை. ஊட்டியிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர் என்று விளக்கப் பகுதியில் எழுதினால் போதும். கோத்தகிரிக்காரர்களுக்கும் இதே யோசனைதான்.

மலைப் பகுதியில் இன்னொரு சிக்கல், மேப்பில் குத்தும் புள்ளி. சமவெளியில் 50 மீட்டர் தள்ளிக் குத்தினால் பெரிய வித்தியாசம் இருக்காது. இங்கே அதே 50 மீட்டர் அடுத்த கொண்டை ஊசி வளைவாக இருக்கும், சுற்றுலா வண்டி கீழே இறங்கிப் போய்விடும். ஹட்டியின் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுகிற ஊர்களில், முகவரியை நம்பாமல் கடை வாசலில் நின்று போனிலேயே புள்ளியைக் குத்துங்கள். பிறகு வெளியூர் நண்பர் ஒருவரை மேப் பார்த்து வரச்சொல்லிச் சோதித்துவிடுங்கள்.

யாரை முதலில் காட்டுவது என்பதை கூகுள் மூன்று விஷயங்களை வைத்துத் தீர்மானிக்கிறது. தேடிய பொருளுக்கும் உங்கள் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடுபவர் நிற்கும் இடத்திலிருந்து தூரம், உங்கள் கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. தூரத்தை மாற்ற முடியாது. மற்ற இரண்டும் சரியான வகைப்பாடு, நல்ல படங்கள், உண்மையான விமர்சனங்கள் ஆகியவற்றால் கூடும். வாங்கியவர்களிடம் விமர்சனம் எழுதச் சொல்லிக் கேட்கலாம். அதற்காக 100 கிராம் டீ இலவசம் என்று கொடுத்தால் அது விதிமீறல்.

டைரக்டரிகளில் பணம் கட்டலாமா?

ஜஸ்ட்டயல், இந்தியாமார்ட் இரண்டும் 1996-ல் தொடங்கியவை. இரண்டும் ஒன்றல்ல. ஜஸ்ட்டயல் உள்ளூரில் சேவை தேடுகிறவர்களுக்கானது. இந்தியாமார்ட் மொத்தமாக வாங்குகிற வியாபாரிகளுக்கானது. இரண்டிலும் அடிப்படைப் பதிவு இலவசம்தான். பணம் கட்டினால் மேலே காட்டுவார்கள், விசாரணைகளை அனுப்புவார்கள்.

அந்த விசாரணை உங்களுக்கு மட்டும் வருவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். 'எனக்கு 200 கிலோ தேயிலைத்தூள் வேண்டும்' என்று ஒருவர் கேட்டால், அதே எண் பல விற்பனையாளர்களுக்குப் போகும். அத்தனை பேரும் அழைப்பார்கள், விலை குறைத்தவருக்குப் போகும். விலையில் போட்டி போட முடிகிற தைலக்காரர்களுக்கு, மொத்தத் தேயிலைத்தூள் விற்பவர்களுக்கு இது சரி. தரத்தைச் சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்க நினைக்கும் கைத்தேயிலைக்காரர்களுக்கு இந்தச் சந்தை ஒத்துவராது என்பதே எங்கள் கருத்து. இலவசப் பதிவை மட்டும் செய்துவிட்டு, எல்லா இடத்திலும் பெயர், முகவரி, போன் எண் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுச் சந்தாவை ஒரே தவணையில் கட்டாதீர்கள்.

'நீலகிரி' என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்!

கூகுள் தேடலில் விளம்பரமாக மேலே வருபவை ஏல முறையில் இயங்குகின்றன. இந்தச் சொல்லைத் தேடினால் என் விளம்பரத்தைக் காட்டு, யாராவது தொட்டால் அதிகபட்சம் இவ்வளவு தருகிறேன் என்று நீங்கள் சொல்கிறீர்கள். ஒவ்வொரு தேடலுக்கும் அந்த நொடியில் ஏலம் நடக்கும். அதிகப் பணம் சொன்னவர் மட்டும் ஜெயிப்பதில்லை. விளம்பரமும் அது கொண்டுபோய்ச் சேர்க்கும் பக்கமும் தேடலுக்கு எவ்வளவு பொருத்தம் என்றும் கூகுள் பார்க்கிறது. ஏலத்தில் ஜெயித்து, தேடியவர் தொட்டால்தான் பணம் போகும்.

அப்படியானால் எந்தச் சொல் என்பதுதான் எல்லாமே. இதில் நம் மாவட்டத்துக்கு இருக்கும் வில்லங்கம் வேறு எந்த ஊருக்கும் இருக்காது.

நீங்கள் தேயிலை விற்பதற்காக 'நீலகிரி' என்று போடுகிறீர்கள். பெங்களூருவில் ஒருவர் 'நீல்கிரிஸ்' என்று தேடுவார். அவருக்கு வேண்டியது 1905-ல் குன்னூரில் தொடங்கி, பிறகு பெங்களூருவில் வேரூன்றிய சூப்பர் மார்க்கெட். சென்னையில் ஒருவர் தேடுவது மேட்டுப்பாளையம் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸ். இன்னொருவருக்கு மலை ரயில் டிக்கெட் வேண்டும். கன்னடத்திலும் இந்தியிலும் 'நீலகிரி' என்றாலே யூகலிப்டஸ் மரம்தான். இத்தனை பேரும் உங்கள் விளம்பரத்தைத் தவறித் தொட்டாலும் பணம் உங்கள் பையிலிருந்து போகும்.

அதனால் இரண்டு ஏற்பாடுகள் அவசியம். சொற்களைப் போடும்போது, 'கிட்டத்தட்ட பொருந்தினாலும் காட்டு' என்கிற பரந்த பொருத்தத்தை விட்டுவிட்டு, சொற்றொடர்ப் பொருத்தம் அல்லது துல்லியப் பொருத்தத்தைத் தேர்ந்தெடுங்கள். அடுத்தது, எதிர்மறைச் சொற்கள். இவை வந்தால் என் விளம்பரத்தைக் காட்டாதே என்று கொடுக்கும் பட்டியல் அது. தேயிலை விற்பவர் என்றால் ரயில், டிக்கெட், எக்ஸ்பிரஸ், சூப்பர் மார்க்கெட், தைலம், மரம், வேலை, சம்பளம், படங்கள், 'எஸ்டேட் விற்பனைக்கு' ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேருங்கள். வாரம் ஒரு முறை, மக்கள் உண்மையில் என்ன தேடி உங்களிடம் வந்தார்கள் என்ற அறிக்கையைத் திறந்து பார்த்தால் பட்டியல் தானாக வளரும்.

தைலம் விற்பவருக்கு இதே குழப்பம் லாபமாக மாறும். வட மாநிலங்களிலும் கர்நாடகத்திலும் வாங்குபவர் பலர் 'யூகலிப்டஸ் ஆயில்' என்று தேடாமல் 'நீலகிரி தேல்', 'நீலகிரி எண்ணெய்' என்று தேடுவார்கள். அந்தச் சொற்களை அவர்கள் மொழியிலேயே போடலாம்.

இடத் தேர்வும் முக்கியம். விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்ற அமைப்பில், அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்த்துக்கொள்வதுதான் கூகுள் முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் முறை. கேட்காமலே டிக் போட்டிருக்கும் 'டிஸ்ப்ளே நெட்வொர்க்'கையும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் விளையாட்டுச் செயலிகளிலும் உங்கள் தேயிலை விளம்பரம் ஓடும்.

இப்போது கணக்கு

ஒரு கிளிக்குக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உண்மை விலை சொல்லையும் பருவத்தையும் பொறுத்து மாறும், இது கணக்குக்காக. 100 பேர் தொட்டால் 1,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1,180. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு விற்பனையாளர் இந்த 180 ரூபாயைத் திரும்பப் பெற முடியாது.

100 பேரில் 3 பேர் வாங்கினார்கள். கால் கிலோ பாக்கெட்டில் உங்களுக்கு நிற்பது 60 ரூபாய் என்றால் மொத்தம் 180. நஷ்டம் 1,000 ரூபாய். ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 393 ரூபாய் செலவாகியிருக்கிறது. அவர் ஏழாவது முறை வாங்கும்போதுதான் உங்கள் கைக்காசு திரும்பும். இந்தக் கணக்குப்படி ஒரு கிளிக்குக்கு வரிக்கு முன் 1.50 ரூபாய்க்கு மேல் கொடுக்கவே கூடாது. ஒரு கிளிக்குக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தை, ஒரு கிலோ பசுந்தேயிலைக்கு உங்கள் கையில் வரும் பணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்போது வலி தெரியும்.

ஹோம்ஸ்டேயின் கணக்கு வேறு. பெரிய முன்பதிவுத் தளங்களும் அதே சொற்களுக்கு ஏலம் கேட்பதால் கிளிக் விலை கூடுதலாக இருக்கும். 25 ரூபாய் என்றே வைப்போம். 100 கிளிக்குக்கு வரியோடு 2,950. ஒரு முன்பதிவில் 1,500 நிற்கும் என்றால், 100 பேரில் 2 பேர் வந்தாலே செலவு தேறிவிடும். மூன்றாமவர் வந்தால் லாபம். தேயிலைக்காரரும் இந்தக் கணக்குக்குள் வர வழி உண்டு. தனிப் பாக்கெட்டை விட்டு ஒரு கிலோ பரிசுப் பெட்டி, மாதாமாதம் அனுப்பும் சந்தா, தோட்டம் சுற்றிக்காட்டி டீ போட்டுக் கொடுக்கும் கட்டண நிகழ்ச்சி போன்றவற்றுக்கு மட்டும் விளம்பரம் செய்யலாம்.

100 பேரில் எத்தனை பேர் வாங்குவார்கள் என்பது முன்கூட்டியே தெரியாதே என்று கேட்கலாம். அதற்குத்தான் இலவசப் பதிவை முதலில் செய்யச் சொன்னது. எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்று பிசினஸ் புரொஃபைலே மாதாமாதம் காட்டும். போன் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, எங்கே பார்த்து அழைக்கிறீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். மூன்று மாதத்தில் உங்கள் சொந்த எண் கையில் இருக்கும்.

எப்போது, எவ்வளவு

ஹோம்ஸ்டே விளம்பரத்தை ஏப்ரல், மே மாதங்களில் சீசன் உச்சத்தில் ஓட்டுவதைவிட, அதற்கு முந்தைய வாரங்களில் ஓட்டுவது நல்லது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. வருகிறவர்கள் இப்போது முன்னதாகவே திட்டமிட வேண்டியிருக்கிறது. இ-பாஸ் எடுக்கும் விவரத்தை உங்கள் பக்கத்தில் எழுதிவைத்தால் பாதிக் கேள்விகள் குறையும். சென்னை, கோவை, பெங்களூரு, கேரளத்தின் பக்கத்து மாவட்டங்கள் ஆகிய இடங்களில் இருப்பவர்களுக்குக் காட்டினால் போதும். சாலையோரக் கடைக்கு வாங்க வருபவர் ஏற்கெனவே மலை ஏறியவர், அவருக்கு மேப் பதிவே போதும்.

தினசரி வரம்பு 100 ரூபாய் என்று வைத்தால் சில நாட்களில் 200 வரை போகலாம். மாதத்துக்கு 3,040 ரூபாயைத் தாண்டாது. வரியோடு 3,587. முன்பணம் போட்டு, அது தீர்ந்ததும் நிற்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். கார்டை இணைத்துவிட்டு மறந்துபோவது நல்லதல்ல.

தேயிலை வாரியத்தின் நீலகிரி முத்திரையை அனுமதி இல்லாமல் விளம்பரத்தில் போடாதீர்கள். ஊட்டி வர்க்கிக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, அந்தப் பெயரையும் யோசித்துப் பயன்படுத்துங்கள். உரிய அனுமதி இல்லாத ஹோம்ஸ்டேவுக்கு விளம்பரம் செய்வது, அதிகாரிகளுக்கு நாமே முகவரி எழுதி அனுப்புவது போலத்தான்.

இவ்வளவையும் செய்ய நேரமில்லை, ஏஜென்சியிடம் கொடுக்கிறேன் என்றால் கொடுக்கலாம். ஆனால் பிசினஸ் புரொஃபைல், விளம்பரக் கணக்கு இரண்டையும் உங்கள் சொந்த ஜிமெயிலில் தொடங்குங்கள். அவர்களுக்கு மேலாளர் அனுமதி மட்டும் கொடுங்கள், உரிமையாளர் அனுமதி வேண்டாம். கூகுளுக்குப் போகும் பணம் எவ்வளவு, அவர்கள் கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.