வெளிநாட்டுப் பொருளுக்கு ஒரு கணக்குத்தாள்



"20 டாலர்தானே, 1,800 ரூபாய்க்கு முடிஞ்சிடும்" என்று எம்ப்ராய்டரி மெஷின் பாகத்தை வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வரவழைக்கிறோம். பார்சல் வந்த பிறகுதான் உண்மையான செலவு தெரிகிறது. அது குழுக்கடன் பணமாக இருந்தால் தவணை கட்டுவதே சிரமமாயிடும்.

ஆர்டர் போடும் முன் எக்செல்லில், நம்ம ரொக்கப் பதிவேடு மாதிரியே கட்டம் போடுங்க. டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

1. பொருள் விலை 20 டாலர்: ரூ.1,800
2. அனுப்பும் கூலி 10 டாலர்: ரூ.900
3. கார்டுக்கு வங்கி பிடிக்கும் கட்டணம் 3 சதவீதம் என்றால்: ரூ.81
4. அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்: சுமார் ரூ.15
5. சுங்க வரி, இறக்குமதி ஜிஎஸ்டி: பொருளுக்குப் பொருள் மாறும்

வரிக்கு முன்பே ரூ.2,796 ஆகிவிட்டது! சுங்க வரியும் பொருள் விலைக்கு மட்டும் போடுவதில்லை. அனுப்பும் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துத்தான் போடுவார்கள்.

எல்லாக் கட்டத்துக்கும் சூத்திரத்தை ஒரு தடவை போட்டுவிட்டால் போதும். டாலர் மதிப்பை மாற்றினால் மொத்தமும் தானே மாறும். கடைசிக் கட்டத்தில் உள்ளூர்க் கடை விலையை எழுதி ஒப்பிட்டுப் பாருங்க.

விற்பனைக்காக வரவழைத்தால் ஏற்றுமதி இறக்குமதி குறியீட்டு எண் தேவை. முதலில் கணக்கு, பிறகு ஆர்டர்!