ரெண்டு ரூபாய் மிச்சம்!

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். வழியெல்லாம் சீமைக்கருவேல், கரிமூட்டம் போட்ட கறுப்புத் திட்டுகள், மழைக்கு வாய் பிளந்து கிடக்கும் கரிசல். குண்டாற்றில் தண்ணீரைப் பார்த்தவர்கள் பாக்கியவான்கள்! இந்த ஊரில்தான் 1879 டிசம்பர் 30-ம் தேதி வேங்கடராமன் பிறந்தார். ரமண மகரிஷி என்றால் உங்களுக்குத் தெரியும்.

எனக்கு அவரைப் பக்தியால் தெரியாது சார். திருட்டால் தெரியும்.

1990. எனக்குப் பதினாறு வயது. அப்பா போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. யார் பேசினாலும் கோபம் வரும். அண்ணன் ப்ளஸ் டூ கணக்கில் ஃபெயில். திரும்ப எழுத பீஸ் கட்டச் சொல்லி, அம்மா தோட்டை அடகு வைத்துப் பணம் கொடுத்திருந்தாள். டிரங்குப் பெட்டியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறிவிட்டேன். மூன்று நாள், ஏழு சினிமா, கணக்கில்லாமல் புரோட்டா. ஒரு படத்தின் கதைகூட இப்போது ஞாபகமில்லை! திரும்பி வந்தபோது பீஸ் கட்டக் கடைசித் தேதி போய்விட்டது. அண்ணன் அடிக்கவில்லை. மறுநாள் நூல் மில் வேலைக்குப் போய்விட்டான்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ரமணர்கூட அண்ணனோட காலேஜ் சம்பளத்தைத்தான் எடுத்துட்டுப் போனாரு..." என்றேன்.

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "அஞ்சு ரூபாயில ரெண்டை மிச்சம் வெச்சுட்டுப் போனாருடா. சீட்டும் எழுதி வெச்சாரு."

வாஸ்தவம். 12 வயதில் தகப்பனாரை இழந்து மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்த பையன், 1896 ஆகஸ்ட் 29 அன்று மூன்று ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குக் கிளம்பினான். சம்பளம் இன்னும் கட்டவில்லை, மீதி இதோடு இருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டுத்தான் போனான். 1898-ல் அம்மா அழகம்மாள் தேடிப்போய் அழுதும் வீடு திரும்பவில்லை. ஆனால், 1914-ல் அவருக்குக் கடும் காய்ச்சல் வந்தபோது கூடவே இருந்து பணிவிடை செய்தார் ரமணர். 1922-ல் தாயின் உயிர் பிரியும்வரை நெஞ்சிலும் தலையிலும் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பெரியவர்கள் இதற்கு வேறு விளக்கம் சொல்வார்கள். எனக்கு ஒரு மகன்தான் தெரிகிறான். அண்ணன் நாகசாமியோ 1900-லேயே இறந்துவிட்டார். அந்தக் கணக்கை யாரிடம் தீர்ப்பது?

என் அண்ணன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்!

பள்ளிக்கூடம் விட்டதும் பக்கத்துத் தெரு தறிக்காரர் வீட்டில் தார் சுற்ற ஆரம்பித்தேன். வாரக் கூலி கைக்குட்டையில் முடிகிற அளவு சில்லறைதான். அடுத்த பரீட்சைக்குள் பீஸ் சேர்ந்துவிட்டது. ஃபாரத்தையும் நானே பூர்த்தி செய்து நீட்டினேன்.

"ஷிப்ட் பார்த்துட்டு வந்து எவன்டா படிப்பான்?" என்று தூக்கிப் போட்டான் அண்ணன்.

பணம் ரெடி, ஆள் ரெடியில்லை! இதை நான் எதிர்பார்க்கவேயில்லை. தினம் ராத்திரி ஷிப்ட் விடும் நேரத்துக்கு மில் வாசலில் சைக்கிளோடு நிற்பேன். டீ வாங்கிக் கொடுத்து, தெருவிளக்கடியில் கணக்கு நோட்ஸை உரக்கப் படிப்பேன். எனக்கு ஒரு மண்ணும் புரியாது. தப்புத்தப்பாகப் படிப்பேன். முதல் வாரம் அண்ணன் கொட்டாவி விட்டான். அப்புறம் பொறுக்க முடியாமல் திருத்த ஆரம்பித்தான். நான் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் தப்பாகப் படித்தேன்.

1991 மார்ச்சில் எழுதினான். 200-க்கு 70 எடுத்தால் பாஸ். மார்க் லிஸ்ட்டில் 71.

அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அண்ணன் சொன்னான்: "எழுபது என்னோடதுடா. மிச்சம் ஒண்ணு, நீ கட்டின வட்டி!"