கோச்சை மாற்றினால் கோல் விழுமா?

கல்கத்தாவில் குடியேறும் தமிழ்க் குடும்பம் வங்காள மொழியைக் கற்றுக்கொள்ளச் சில வருடம் எடுத்துக்கொண்டாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் முதல் மாதமே பதில் சொல்லியாக வேண்டும். "தாதா, நீங்கள் மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?" ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்பது இந்த ஊர் வழக்கம். யார் ஜெயித்தாலும் வத்தக்குழம்புதான் என்று இருக்கும் நம்மவர் வீடுகளைக்கூட இவர்கள் ஏதாவது ஒரு கட்சியில் சேர்க்காமல் விடுவதில்லை.

நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அவர்களுக்குக் கால்பந்து அப்படி. அவர்களில் ஒருவன் என்னிடம் கேட்டான்: "மாமா, டீம் தோற்றுக்கொண்டே போனால் கோச்சை மாற்றவேண்டியதுதானே? இதில் என்ன யோசனை?" முப்பது வருடங்களுக்கு மேலாக டீக்கடை பெஞ்சிலும் மைதானத்திலும் இதே விவாதத்தைக் கேட்டு வருபவன் என்ற உரிமையில், எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். இங்கிலாந்தில் இந்தப் பதவிக்கு மானேஜர் என்று பெயர். நம் நாட்டில் டீம் மானேஜர் என்றால் ரயில் டிக்கெட், ஓட்டல் அறை ஆகியவற்றைக் கவனிப்பவர். ஆட்டக்காரர்களைப் பழக்கி, யார் எங்கே ஆடவேண்டும் என்று முடிவு செய்பவர் கோச். ஆகவே கோச் என்றே சொல்வோம்.

இரண்டு கட்சிகள்

டீம் சறுக்கும்போது ரசிகர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். 'மாற்று' கட்சியின் வாதம் எளிது. பதினோரு பேரையும் நடுவில் மாற்ற முடியாது. ஒருவரைத்தான் மாற்ற முடியும். புது மனிதர் வந்தால் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆட்டக்காரனுக்கும் நம்பிக்கை வரும், சோம்பியிருந்தவனுக்கும் பயம் வரும் என்பார்கள். 'பொறு' கட்சிக்காரர்கள், நட்ட செடியைத் தினமும் பிடுங்கி வேர் விட்டிருக்கிறதா என்று பார்த்தால் அது எப்படிப் பிழைக்கும் என்று கேட்பார்கள். இரண்டு பேரிடமும் உதாரணங்கள் உண்டு, இரண்டு பேர் உதாரணமும் உண்மைதான். அதனால்தான் இந்த வாதம் முடிவதே இல்லை.

ஐந்து சீசன், எட்டுப் பேர்

ஈஸ்ட் பெங்கால் கதையையே எடுத்துக்கொள்வோம். 1920 ஆகஸ்டு 1 அன்று பிறந்த கிளப் இது. 1949 முதல் 1953 வரை அதன் முன்னணி வரிசையில் ஆடி 'பஞ்ச பாண்டவர்' என்று பெயர் வாங்கிய வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஐவரும் தென்னாட்டுக்காரர்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2003-இல் சுபாஷ் பௌமிக் கோச்சாக இருந்தபோது ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையை வென்ற கிளப்பும் இதுதான். 2002-03, 2003-04 இரண்டு சீசனிலும் தேசிய லீக் பட்டமும் அவர் காலத்தில்தான் கிடைத்தது. அதற்குப் பிறகு 2024-25 சீசன் முடியும் வரை லீக் பட்டம் திரும்பி வரவில்லை.

2020-இல் ஐ.எஸ்.எல். போட்டியில் சேர்ந்தார்கள். முதல் கோச் ராபி ஃபௌலர், லிவர்பூலின் பழைய நட்சத்திரம். 11 அணிகளில் 9-ஆம் இடம். அடுத்த சீசனில் ஸ்பெயின்காரர் மனோலோ டியாஸ் நடுவிலேயே போனார். ரெனெடி சிங் இடைக்காலமாகப் பார்த்துக்கொண்டார். பிறகு மரியோ ரிவேரா வந்தார். கடைசி இடம். 2022-23-இல் இந்திய அணிக்கே இரண்டு முறை கோச்சாக இருந்த ஸ்டீபன் கான்ஸ்டன்டைன். மறுபடி 9. அடுத்து, பெங்களூரு அணிக்கு 2018-19-இல் பட்டம் வாங்கித் தந்த கார்லஸ் குவாட்ராட். 2024 ஜனவரியில் புவனேசுவரத்தில் ஒடிஷாவை 3-2 என்று வென்று சூப்பர் கோப்பையைக் கொண்டுவந்தார். 12 வருடத்துக்குப் பிறகு வந்த தேசிய அளவிலான கோப்பை அது. ஊரே கொண்டாடியது. ஆனாலும் லீகில் 12 அணிகளில் 9-ஆம் இடம்தான்.

2024-25 தொடங்கியது. முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. எட்டு மாதம் முன்பு யாரைத் தோளில் தூக்கினார்களோ, அவரையே 'திரும்பிப் போ' என்றார்கள். செப்டம்பர் 30 அன்று குவாட்ராட் விலகினார். பினோ ஜார்ஜ் இடைக்காலமாக நின்றார். பிறகு, வங்கதேச லீகைத் தொடர்ந்து ஐந்து முறை வென்ற ஓஸ்கர் புரூஸோன் வந்தார். தோல்வி உடனே நின்றதா? இல்லை. அக்டோபர் 19 டெர்பியில் மோகன் பகானிடம் 0-2. அடுத்து ஒடிஷாவிடம் 1-2. லீகில் ஆறுக்கு ஆறு தோல்வி. நவம்பர் இறுதியில்தான் முதல் வெற்றி. சீசன் முடிவில் 24 ஆட்டத்தில் 28 புள்ளி, 13 அணிகளில் எந்த இடம் என்று நினைக்கிறீர்கள்? அதே 9.

ஐந்து சீசன், இடைக்காலத்தாரையும் சேர்த்து எட்டு கோச்சுகள். வேறு இடத்தில் பட்டம் வென்றவர்களும் இங்கே வந்து ஒன்பதில் நின்றால், குறை ஒரு மனிதரிடம் மட்டும் இருக்க முடியுமா?

சமையல்காரரும் அரிசியும்

விஷயம் வேறு இடத்தில் இருந்தது. 2020-இல் பணம் போடும் கம்பெனி அமைந்ததே செப்டம்பரில், நவம்பரில் போட்டி. நல்ல ஆட்டக்காரர்களை மற்ற கிளப்புகள் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டன. 2021-இல் அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தத் தகராறு. ஜூலையில் ரசிகர்கள் கிளப் வாசலில் திரண்டு போலீஸ் தடியடி வரை போயிற்று; ஆகஸ்டு இறுதியில் முதலமைச்சர் தலையிட்டுத்தான் அந்த வருடம் டீம் ஆடியது. 2022-இல் புதுக் கம்பெனி கையெழுத்துப் போட்டது ஆகஸ்டில், அக்டோபரில் போட்டி. மூன்று வருடம் தொடர்ந்து, கடை மூடும் நேரத்தில் காய்கறி வாங்கப் போனவர் நிலைமைதான். நாலு மணிக்கு அரிசி வாங்கிக் கொடுத்துவிட்டு, ஐந்து மணிப் பந்திக்குச் சாதம் வேகவில்லை என்று சமையல்காரரை மட்டும் திட்டிப் பயன் என்ன?

கைராசி டாக்டர்

"ஆனால் பல இடங்களில் புது கோச் வந்ததும் ஜெயிக்கிறார்களே?" என்று அந்தப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. நம் வீட்டில் ஒருவருக்கு ஜுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாள் ஒரு டாக்டர் பார்க்கிறார், இறங்கவில்லை. ஐந்தாம் நாள் வேறு டாக்டரிடம் போகிறோம். ஆறாம் நாள் ஜுரம் விடுகிறது. உடனே, "இவர் கைராசிக்காரர்" என்று ஊரெல்லாம் சொல்கிறோம். பழைய டாக்டரிடமே இருந்திருந்தாலும் ஆறாம் நாள் விட்டிருக்குமோ என்று யாரும் கேட்பதில்லை.

கோச் விஷயமும் இப்படித்தான். ஒரு டீம் மிக மோசமாக இருக்கும் நாளில்தான் கோச்சை அனுப்புகிறார்கள். பள்ளத்தின் அடியில் நிற்பவன் எந்தப் பக்கம் நடந்தாலும் மேலேதான் ஏறவேண்டும். நெதர்லாந்தின் பொருளியல் அறிஞர் பாஸ் டெர் வேல் அந்நாட்டு லீகில் 1986 முதல் 2004 வரை நடந்ததை ஆராய்ந்தார். நடுவில் கோச்சை மாற்றிய டீம்களை, அதே அளவு சறுக்கியும் மாற்றாமல் இருந்த டீம்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மாற்றியதால் ஆட்டம் தேறியதாக அவர் கணக்கில் தெரியவில்லை. அதற்காக எந்த இடத்திலும் மாற்றவே கூடாது என்று பொருள் இல்லை. மாற்றம் தானாகவே மருந்தாகிவிடாது என்றுதான் பொருள்.

மாற்றிப் பலன் கண்டவர்கள்

மாற்றிப் பிழைத்ததற்கு நம் சென்னை அணியே சாட்சி. 2017-18-இல் பட்டம் வென்று கொடுத்த ஜான் கிரெகரி, அடுத்த சீசனில் கடைசி இடத்துக்கு வந்து, 2019 இறுதியில் தொடக்கமே சரியில்லாமல் விலகினார். டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். அட்டவணையின் அடிப்பக்கத்தில் கிடந்த சென்னையின் எஃப்.சி. 2020 மார்ச்சில் இறுதி ஆட்டம் வரை போயிற்று. கவனிக்கவேண்டியது என்னவென்றால், அந்த சீசனில் 15 கோல் போட்ட வால்ஸ்கிஸ் போன்றவர்கள் காயில் வருவதற்கு முன்பே டீமில் இருந்தார்கள். சாமான் நல்லதாக இருந்தது. சமைக்கும் விதம்தான் மாறவேண்டியிருந்தது.

மோகன் பகான் கதை இன்னும் வேடிக்கை. 2021 டிசம்பரில் ஹபாஸ் போய் ஃபெராண்டோ வந்தார். ஃபெராண்டோ 2022-23-இல் ஐ.எஸ்.எல். கோப்பையும் 2023-இல் டூரண்ட் கோப்பையும் வென்று கொடுத்தார். அந்த டிசம்பரில் தொடர்ந்து மூன்று தோல்வி. ஜனவரியில் அவர் போய் அதே ஹபாஸ் திரும்பி வந்தார்! 2024 ஏப்ரலில் மும்பையை 2-1 என்று வென்று லீக் ஷீல்டையும் வாங்கினார்கள். இங்கும் பணம் போட்டுத் திரட்டிய வலுவான டீம் முன்பே இருந்தது.

பொறுத்துப் பலன் கண்டவர்கள்

பழைய கதை ஒன்று. 1975 ஷீல்டு இறுதி ஆட்டத்தில் பி.கே.பானர்ஜியின் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகானை 5-0 என்று வென்றது. மறு வருடமே மோகன் பகான் அவரைத் தன் பக்கம் அழைத்துக்கொண்டது. 1977-இல் நட்சத்திரக் கூட்டம் நிறைந்த அந்த டீம் கல்கத்தா லீகை ஈஸ்ட் பெங்காலிடமே பறிகொடுத்தது. இந்தக் காலமாக இருந்தால் அன்று மாலையே கோச்சின் பெட்டி வாசலுக்கு வந்திருக்கும். அன்று அவரை வைத்துக்கொண்டார்கள். செப்டம்பரில் ஈடன் கார்டனில் பீலே ஆடிய காஸ்மாஸ் அணியோடு 2-2. அதே சீசனில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, ரோவர்ஸ், டூரண்ட் மூன்றும் வந்தன.

மான்செஸ்டர் யுனைடெடில் 1986-இல் சேர்ந்த ஃபெர்குசனைப் போகச் சொல்லி 1989-இல் மைதானத்திலேயே பானர் தூக்கினார்கள். முதல் கோப்பை 1990-இல்தான் வந்தது. 2013-இல் ஓய்வு பெறுமுன் 13 லீக் பட்டம். ஆனால் பொறுத்தவர்களுக்கெல்லாம் ஃபெர்குசன் கிடைத்துவிடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். பொறுத்துப் பொறுத்துக் கீழே போன கிளப்புகளைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கேட்கவேண்டிய கேள்விகள்

அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை "கோச்சைத் தூக்கு" என்று குதித்தால், இந்தக் கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஒன்று: இந்த டீமைத் திரட்டியது யார், எப்போது? கோச் கேட்ட ஆட்களா, கிடைத்த ஆட்களா?

இரண்டு: தோல்வி ஒரே மாதிரி வருகிறதா? ஒவ்வொரு ஆட்டத்திலும் கார்னர் பந்தில் கோல் வாங்கினால், கடைசி பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கினால், அது பயிற்சிக் குறை. கோச்சிடம் கணக்குக் கேட்கலாம். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது, முக்கியமானவனுக்குக் காயம் என்றால் பொறுக்கலாம்.

மூன்று: ஆட்டக்காரர்கள் அவர் பேச்சைக் கேட்கிறார்களா? இது நமக்கு வெளியிலிருந்து முழுவதும் தெரியாது. ஆனால் பின்தங்கியிருக்கும்போதும் ஓடுகிறார்களா என்பது தெரியும். கேட்கவில்லை என்றால் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரால் இனிப் பயனில்லை.

நான்கு: வரப்போகிறவர் யார்? பெயர் தெரியாமல் "முதலில் இவர் போகட்டும்" என்பது கோபமே தவிர யோசனை ஆகாது. பழைய ஒப்பந்தத்துக்கும் நஷ்டஈடு, புதியவருக்கும் சம்பளம் என்றால், அடுத்த வருடம் ஆட்டக்காரன் வாங்கவேண்டிய பணம்தான் குறையும்.

இந்த நாலையும் வைத்துப் பார்த்தால், என் கணக்கில் சென்னைக்கும் மோகன் பகானுக்கும் மாற்றம் சரி. ஈஸ்ட் பெங்காலில் மாறியிருக்கவேண்டியது கோச்சுக்கு மேலே இருந்த ஏற்பாடு.

இதெல்லாம் வெறும் விளையாட்டுதானே என்று நம்மில் சிலருக்குத் தோன்றலாம். பிரிவினையின்போது வீடு வாசலை விட்டு வந்து, ஜாதவ்பூர், பிஜோய்கர் காலனிகளில் கூரை போட்டுக் குடியேறியவர்களுக்கு, விட்டு வந்த மண்ணின் பெயரைத் தாங்கி நின்றது அந்தக் கிளப்தான். அது தோற்றால் அவர்கள் வீட்டில் அன்று அடுப்பு எரியாது என்று சொல்வார்கள். ஊரை விட்டு வந்து, ஒரு சங்கத்தை வைத்துத் தமிழைக் காப்பாற்றிக்கொள்ளும் நமக்கு அந்த மனசு புரியாமல் போகாது. அவ்வளவு அன்பு வைத்தவர்களுக்குக் கோபப்பட உரிமை உண்டு. அந்தக் கோபம் கையில் எளிதாக அகப்படும் ஒரு தலையோடு நின்றுவிடாமல், டீமை நேரத்தோடு திரட்டத் தவறும் நிர்வாகத்தின் வாசல் வரை போகவேண்டும். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால், மைதானத்துக்கு வெளியேயும் அது அவர்களுக்கு உதவும்.