ஐந்து ஃபேன், ஒரே ஒரு வாய்!

எங்கள் வீட்டில் மனிதர்கள் நாலு பேர், சீலிங் ஃபேன் இரண்டு. என் மச்சினன் வாங்கி வந்து முன்னறையில் குடிவைத்த கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. அதற்கு ஃபேன் ஐந்து! முன்பக்கம் மூன்று, தலைக்கு மேல் இரண்டு. பிராசஸர் துரைக்குத் தனியாக இன்னொன்று.

"அக்னி நட்சத்திரத்துல நாம புழுங்கலாம், அது மட்டும் புழுங்கக்கூடாதாக்கும்" என்றாள் மனைவி. சொந்தத் தம்பி என்பதால் அத்தோடு விட்டாள்.

மச்சினனுக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங் தொழில். ஒன்றரை நாள் கல்யாணத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்க, மிஷின் ராத்திரி முழுக்க மூச்சு வாங்கும். சூடு பறக்கும். அதனால்தான் இத்தனை ஃபேன்.

சிக்கல் என்னவென்றால், மதர்போர்டில் கேபினெட் ஃபேன்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு இணைப்பு. நாலு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், 'ஹெடர்' என்பார்கள். விலை குறைந்த போர்டுகளில் பிராசஸருக்கு ஒன்று, மற்றதற்கெல்லாம் ஒன்று, அவ்வளவுதான்.

"அத்தான், நீங்கதான் வயர் வேலையெல்லாம் பார்ப்பீங்களே..." என்று ஐஸ் வைத்தான். நான் பார்த்த வயர் வேலை, வருஷா வருஷம் தீபாவளிக்கு சீரியல் செட் கட்டுவது! ஆனாலும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய், ஒன்றை மூன்றாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வயர் இரண்டு வாங்கி வந்தேன். முதலாவதின் ஒரு வாலில் இரண்டாவதைச் செருகினால்... இரண்டும் மூன்றும் ஐந்து. ஸ்விட்சைப் போட்டேன். ஐந்தும் சுற்றின. ஸ்ட்ராங்காக ஒரு காபி கிடைத்தது.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை ராத்திரி, முன்னறையில் கருகல் வாசனை. அடுக்களையில் எதுவுமில்லை. கம்ப்யூட்டர் தானாக அணைந்து கிடந்தது. போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், திரும்ப அணையும். ஞாயிறு காலை வீடியோவைக் கொடுத்தாக வேண்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் அன்றைக்கே வெளிநாடு கிளம்புகிறார்கள். வாங்கிய அட்வான்ஸோ எப்போதோ செலவாகிவிட்டது. மச்சினன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மனைவி முகத்தை நான் பார்க்கவே இல்லை.

மறுநாள் வந்த மெக்கானிக் பையன் கேபினெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, மோந்து பார்த்தான். "சார், ஃபேன்ல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே, படிச்சீங்களா?"

ஸ்டிக்கரை யார் படிப்பார்கள்? படித்தேன். 12 வோல்ட், 0.32 ஆம்பியர்.

"அஞ்சால பெருக்குங்க."

1.6 ஆம்பியர். போர்டோடு வந்த புஸ்தகத்தை எடுத்தான். ஒரு ஹெடருக்கு அதிகபட்சம் 1 ஆம்பியர், அதாவது 12 வாட், என்று அச்சடித்திருந்தது. பெரும்பாலான போர்டுகளில் இதே கணக்குதானாம். "எத்தனை ஃபேன்னு எண்ணாதீங்க சார், எத்தனை ஆம்பியர்னு கூட்டுங்க."

நான் பண்ணிய தப்பு சீரியல் செட் புத்தி. அதில் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே கரண்ட். ஸ்ப்ளிட்டரில் ஃபேன்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கு முழு 12 வோல்ட் வாங்கிக்கொண்டு தனித்தனியாகக் கரண்டை இழுக்கும். அத்தனையும் அந்த ஒரு ஊசி வழியாகத்தான் வரவேண்டும். போதாக்குறைக்கு, நின்ற வண்டியைக் கிளப்ப ரெண்டு பேர் அதிகம் தள்ளுகிற மாதிரி, சுற்ற ஆரம்பிக்கும் நொடியில் ஃபேன் இன்னும் கூடுதலாக இழுக்கும். அதனால் கூட்டுத்தொகை முக்கால் ஆம்பியரோடு நின்றால் நல்லது என்றான். நல்ல ஃபேன்களில் 0.14 ஆம்பியரோடு திருப்திப்படுபவை உண்டு. அதில் நாலு, ஐந்துகூட ஒரே ஹெடரில் தாங்கும். நம்முடையது கலர் கலராக விளக்கு எரிகிற ஜாதி. அந்த விளக்கும் அதே வயரில்தான் சாப்பிடுகிறது!

இன்னொன்றும் சொன்னான். நாலு ஊசியில் ஒன்று 12 வோல்ட், ஒன்று கிரவுண்ட். மூன்றாவது, ஃபேன் தன் வேகத்தை போர்டுக்குச் சொல்ல. நாலாவது, போர்டு ஃபேனுக்கு உத்தரவு போட. ஒழுங்கான ஸ்ப்ளிட்டரில் மூன்றாவது வயர் ஒரே ஒரு கிளைக்குத்தான் இருக்கும். ஐந்து பேரும் சேர்ந்து 'உள்ளேன் ஐயா' என்று கத்தினால் வாத்தியாருக்கு என்ன புரியும்? அதனால், மற்ற நாலும் நின்றுபோனாலும் ஒன்று சுற்றினால் போதும், போர்டு 'எல்லாரும் சௌக்கியம்' என்று நம்பிக்கொண்டிருக்கும். நாமேதான் அவ்வப்போது எட்டிப் பார்க்கவேண்டும்.

"சரி, பிராசஸர் ஃபேன் ஹெடர் ஒண்ணு நல்லாத்தானே இருக்கு... அதுல அஞ்சையும்..." என்று ஆரம்பித்தேன். பையன் பார்த்த பார்வையில் மீதி வாக்கியத்தை முழுங்கிவிட்டேன்.

பையன் ஸ்விட்சை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு சின்னப் பெட்டியை மாட்டினான். பெயர் ஃபேன் ஹப். கரண்டை எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஸாட்டா வயரிலிருந்தே நேராக எடுத்துக்கொள்ளும். ஹெடரிலிருந்து வேக உத்தரவு மட்டும் போதும். குடும்பத்தோடு ஓட்டலில் டிபன் சாப்பிடுகிற காசுகூட ஆகவில்லை. முதலிலேயே வாங்கியிருக்கலாம்!

ஆனால் எங்கள் ஹெடர்தான் செத்துவிட்டதே, உத்தரவு போட ஆளில்லை. உத்தரவு வராவிட்டால் இந்த நாலு ஊசி ஃபேன்கள் முழு வேகத்தில் சுற்றுமாம். போர்டை மாற்றுகிறவரை அப்படித்தான்.

வீடியோ ஞாயிறு விடியற்காலை முடிந்தது. முன்னறையில் இப்போது மாவு மில் சத்தம். மனைவி ஒரு நாற்காலியை இழுத்து கம்ப்யூட்டர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"காத்து நல்லாத்தான் வருது. அந்த சீலிங் ஃபேனை நிறுத்துங்க, கரண்ட் பில்லாவது மிச்சமாகட்டும்."