இடம் கிடைக்குமா? – மருத்துவச் சேர்க்கையும் மதிப்பெண் கணக்கும்

ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களின் பிற்பகுதியில் சிங்கப்பூரில் மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவருகின்றன. அன்று மாலையே தொடக்கக் கல்லூரி மாணவர் பலரின் இல்லங்களில் ஒரே வினா எழுகிறது: “மருத்துவத்துக்கு இடம் கிடைக்குமா?” பெற்றோர் அவ்வினாவை ஆசிரியரிடம் கொண்டுவருவர். தமிழாசிரியரிடமும் கொண்டுவருவர், வீட்டு மொழியில் மனம்விட்டுப் பேசத்தக்கவர் அவரல்லவா? அவர் சொல்லும் ஒரு சொல் ஒரு பிள்ளையின் பல ஆண்டுகளைத் திசைதிருப்பக் கூடும். ஆதலின் அவ்வினாவுக்கு விடை காணும் முறையை அறிந்திருத்தல் நலம்.

1905ஆம் ஆண்டில் இத்தீவில் மருத்துவப் பள்ளி ஒன்றே தொடங்கியது. அதன் வழிவந்ததே இன்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உள்ள யோங் லூ லின் மருத்துவப் பள்ளி. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளி 2013இல் 54 மாணவருடன் தொடங்கியது. மூன்றாவதான டியூக்–என்யூஎஸ், முன்னரே பட்டம் பெற்றவர்க்கு உரியது. ஆகவே தொடக்கக் கல்லூரியிலிருந்து நேரே வருவோர்க்கு வாயில்கள் இரண்டே.

பட்டியல் சொல்வதும் சொல்லாததும்

பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் ஒரு பட்டியலை வெளியிடுகின்றன. இடம் அளிக்கப்பெற்றவர்களைத் தேர்ச்சி வரிசையில் நிறுத்தி, கீழிருந்து நூற்றில் பத்தாம் நிலையில் உள்ளவரின் தேர்ச்சியையும் தொண்ணூறாம் நிலையில் உள்ளவரின் தேர்ச்சியையும் அது காட்டும். தேசியப் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்திற்கும் சட்டத்திற்கும் அண்மை ஆண்டுகளில் இவ்விரு நிலைகளும் ஒன்றாகவே இருந்துள்ளன: எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’.

இதைக் கண்டவர், “எல்லாம் ஏ; எனவே இடம் உறுதி” என்பர். பிழை இங்கேதான் நுழைகிறது. அப்பட்டியல் இடம் பெற்றவரைப் பற்றியது, விண்ணப்பித்தவரைப் பற்றியதன்று. சபைக்குள் அமர்ந்திருப்போர் அனைவரும் வேட்டி அணிந்திருக்கலாம். அதனால் வேட்டி அணிந்து வாசலில் நிற்போர் அனைவர்க்கும் உள்ளே இருக்கை உண்டு என்று ஆகிவிடுமா?

கணக்கு விளங்கும்பொருட்டுக் கற்பனையாகச் சில எண்களைக் கொள்வோம். விண்ணப்பித்தோர் 2,000 பேர், இடங்கள் 300. விண்ணப்பித்தோருள் 1,200 பேர் எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ பெற்றவர்கள். இடம் பெற்ற 300 பேரில் 280 பேர் அத்தகையோர். உள்ளே இருப்போரை நோக்கினால் நூற்றுக்கு 93 பேர் முழு ‘ஏ’. ஆனால் முழு ‘ஏ’ பெற்ற 1,200 பேரை நோக்கினால் இடம் பெற்றவர் நான்கில் ஒருவரினும் குறைவு! எஞ்சிய 800 பேருள் நாற்பதில் ஒருவர்க்கே இடம். முழு ‘ஏ’ வாயிலுக்கு அருகே கொண்டு சேர்க்கிறது. இருக்கையை அது தருவதில்லை. இவ்விரு விகிதங்களையும் ஒன்றெனக் கொள்வதே இத்துறையில் நிகழும் பெரும்பிழை.

புள்ளியும் தமிழும்

2026ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து பல்கலைக்கழகச் சேர்க்கைப் புள்ளியின் உச்சம் 90 அன்று; 70. எச் 2 பாடங்கள் மூன்றுக்கும் தலைக்கு 20, பொதுத்தாளுக்கு 10. திட்டப்பணியில் தேர்ச்சி பெற்றாற் போதும். அதற்குப் புள்ளி இல்லை. எச் 1 தாய்மொழிப் பாடம், மொத்தத்தை உயர்த்துமானால் மட்டும் சேர்க்கப்பெறும்.

ஒரு மாணவி எச் 2 பாடங்களில் ஏ, ஏ, பி பெற்றுப் பொதுத்தாளில் பி பெற்றாள் எனக் கொள்வோம். 20, 20, 17.5, 8.75, கூட்டினால் 66.25. எச் 1 தமிழில் ‘ஏ’ பெற்றிருந்தால் 10 கூடி 80க்கு 76.25 ஆகும், அதனை 70க்கு மாற்றினால் ஏறத்தாழ 66.7. தமிழ் அவளைச் சற்றே உயர்த்தியது. ‘பி’ பெற்றிருந்தால் 65.6 ஆகிக் குறையும். ஆகவே அது கணக்கில் வாராது. நான்காம் பாடத்துக்கும் முறை இதுவே. தமிழ் உயர்த்தக்கூடும், தாழ்த்தாது. எச் 2 நிலையில் தமிழ்மொழியும் இலக்கியமும் பயில்வோர்க்கோ அப்பாடம் இயற்பியலுக்கு நிகராக 20 புள்ளி பெறும். தமிழ் எடுத்தால் மருத்துவம் போய்விடும் என்னும் அச்சத்துக்கு இக்கணக்கில் இடமில்லை.

எண்ணுக்கு அப்பால்

பெரும்பாலோர் ஒரே தேர்ச்சியுடன் நிற்கையில் எண்ணைக் கொண்டு அவர்களைப் பிரித்தல் இயலாது. அதனாலேயே நேர்காணலும் தனித்தேர்வுகளும் எழுந்தன. நோயாளியின் சொல்லைச் செவிமடுக்கும் பொறுமை, அறநெருக்கடியில் காட்டும் நிதானம், தான் செய்த தொண்டைப் பற்றிப் பொய்யின்றிப் பேசும் நேர்மை ஆகியவை அங்கே நோக்கப்படுகின்றன. இவற்றுக்குப் பத்தாம் நிலையுமில்லை, தொண்ணூறாம் நிலையுமில்லை. ஆதலின் எந்தப் பட்டியலும் ஒரு தனி மாணவரின் வாய்ப்பை முழுமையாகச் சொல்லிவிடாது.

அங்ஙனமாயின் ஆசிரியர் கூறத்தக்கது யாது? “நிச்சயம் கிடைக்கும்” என்பதும் தவறு. “உன்னால் ஆகாது” என்பதும் தவறு. முன்னதை நம்பியவர் மாற்று வழி வகுக்காது நிற்பார். பின்னதை நம்பியவர் விண்ணப்பிக்கவே மாட்டார். மருத்துவத்தை முதல் விருப்பமாகக் கொள்ளட்டும். இரண்டாவதையும் மூன்றாவதையும் மனமொப்பிப் பயிலத்தக்க படிப்புகளாகத் தேர்ந்து வைக்கட்டும். இடம் கிடையாதவருள் பெரும்பாலோர் தகுதியற்றவர் அல்லர், இருக்கைகளே குறைவு. இதனை முடிவு வருமுன்னரே வீட்டார்க்கு விளக்கிவிட்டால், பின்னர் ஒரு பிள்ளை தன்னைத் தோற்றவன் என எண்ணிக் குமைய நேராது. ஆசிரியர் சொல்லும் கணக்கின் பயன் அதுவே.